மூக்கு கனமா, வால் கனமா?

பறக்கும் பட்டறை: வாசகர் கேள்விகளுக்கு ராயபுரத்து இயற்பியல் டீச்சர் பதில்

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்கள் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நோய்க்குத்தான் மருந்து கேட்கின்றன. கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும் விமானங்கள், குப்புறப் பாயும் விமானங்கள், காரணமே இல்லாமல் முரண்டு பிடிக்கும் விமானங்கள். அதனால் இந்த முறை முழுக்க சி.ஜி. பற்றித்தான், அதாவது விமானத்தின் மொத்த எடையும் நிற்கும் ஈர்ப்பு மையம். ரேடியோ ரேஞ்ச் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஸ், சன்போர்டு என்ற நுரை அட்டையில் 120 செ.மீ. இறக்கை வைத்து ஒரு டிரெய்னர், அதாவது பழகும் விமானம் கட்டினேன். 2212 மோட்டார், 3எஸ் 2200 பேட்டரி, மொத்த எடை 850 கிராம். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை இறக்கை அகலம் 20 செ.மீ. கையை விட்டதும் மூக்கு செங்குத்தாக எழும்புகிறது, ஒரு நொடி நிற்கிறது, இடது பக்கம் சரிந்து விழுகிறது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைக் கீழே தள்ளினாலும் அடங்கவில்லை. மோட்டார் பவர் போதவில்லை என்கிறான் நண்பன். விரலில் வைத்தால் முன் விளிம்பிலிருந்து 9 செ.மீ.யில் நிற்கிறது.
- பொறியியல் மாணவர், கொடுங்கையூர்

மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. அந்த மோட்டாரும் பேட்டரியும் 850 கிராம் விமானத்தை அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். நோய் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. 20 செ.மீ. அகலத்தில் 9 செ.மீ. என்றால் சி.ஜி. 45 சதவீதத்தில் நிற்கிறது. வால் கனம். இது போன்ற நேர் இறக்கை டிரெய்னருக்கு அது 25 முதல் 30 சதவீதத்துக்குள், அதாவது 5 முதல் 6 செ.மீ.க்குள் நிற்க வேண்டும். நாம் 5.5 என்று வைத்துக்கொள்வோம்.

ஏன் இவ்வளவு முன்னால்? காற்று தூக்கும் விசை இறக்கை முழுக்கப் பரவியிருந்தாலும், முன் விளிம்பிலிருந்து கால் பங்கு தூரத்தில் பிடித்துத் தூக்குவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இப்போது ஒரு சின்னக் காற்று வந்து மூக்கை லேசாக எழுப்புகிறது. உடனே இறக்கையிலும் கூடுதல் விசை, வாலிலும் கூடுதல் விசை. இந்தக் கூடுதல் இரண்டும் சேர்ந்து ஒரு புள்ளியில் செயல்படும். வால் தொலைவில் இருப்பதால் அந்தப் புள்ளி கால் பங்கைத் தாண்டிச் சற்றுப் பின்னால் விழும். சி.ஜி. அதற்கு முன்னால் இருந்தால், கூடுதல் விசை பின்பக்கத்தைத் தூக்கிவிடும். மூக்கு தானாகவே பழைய இடத்துக்கு இறங்கும். சி.ஜி. அதற்குப் பின்னால் போய்விட்டால் எழும்பிய மூக்கு இன்னும் எழும்பும். நீங்கள் எலிவேட்டரைத் தள்ளினால் அடுத்த கணம் குப்புறப் பாயும். உங்கள் விரல் பதில் சொல்வதற்குள் அது அடுத்த கேள்வியைக் கேட்டுவிடும். டிரிம் வைத்தும், அதாவது எலிவேட்டரை நிரந்தரமாகச் சற்றுச் சாய்த்து வைத்தும் தப்ப முடியாது. டிரிம் ஒரு வேகத்துக்கு மட்டும் ஒத்து வரும்; வேகம் மாறியதும் மறுபடி ஆட்டம்.

சரி, எப்படி முன்னால் கொண்டுவருவது? எல்லோரும் முதலில் செய்வது மூக்கில் ஈயம் வைப்பது. அதை நான் கடைசியில்தான் வைப்பேன். கணக்கைப் பாருங்கள். 850 கிராமை 3.5 செ.மீ. முன்னால் நகர்த்த வேண்டும், பெருக்கினால் 2975. உங்கள் மூக்கு, வேண்டிய சி.ஜி.யிலிருந்து 20 செ.மீ. முன்னால் இருக்கிறது. 2975ஐ 20ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 149 கிராம். ஏற்கெனவே தூக்கும் பேட்டரியோடு இன்னொரு பேட்டரி எடையைச் சும்மா தூக்கிப் பறக்கச் சொல்கிறீர்கள். விழாமல் பறக்க வேண்டிய வேகமும் கூடும், இறங்கும்போது அடியும் கூடும்.

இப்போது ஈயம் இல்லாமல் அதே 2975ஐச் சேர்த்துப் பார்ப்போம். பேட்டரி 180 கிராம். நீங்கள் அனுப்பிய படத்தில் அதற்கு முன்னால் 8 செ.மீ. வெற்றிடம் இருக்கிறது. தள்ளினால் 1440 கிடைத்தது. மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்களான இரண்டு சர்வோவையும் வாலிலேயே ஒட்டியிருக்கிறீர்கள். வயர், ஸ்குரூவோடு சேர்த்து 20 கிராம். அதை இறக்கைக்குக் கீழே, 50 செ.மீ. முன்னால் கொண்டுவாருங்கள், 1000 கிடைத்தது. நீளமான தள்ளுகுச்சி தேவைப்படும். காத்தாடிக்குச் சீவும் மூங்கில் குச்சியின் இரு முனையிலும் கம்பி கட்டிவிடுங்கள். அதன் எடை கொஞ்சம்தான், அதுவும் உடல் நெடுகப் பரவிக் கிடக்கும். மிச்சம் ஐந்நூற்றுச் சொச்சம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வால் மூட்டில் ஹாட் குளூ மெழுகுவத்தி உருகி வழிந்த மாதிரி கட்டிகட்டியாக நிற்கிறது, அதன் மேல் பழுப்பு டேப் நான்கைந்து சுற்று. பிளேடு வைத்துச் சுரண்டுங்கள். சி.ஜி.யிலிருந்து 55 செ.மீ. தூரத்தில் 10 கிராம் போனால் 550. மூன்றையும் கூட்டினால் 2990. வேலை முடிந்தது. விமானம் 10 கிராம் இளைத்தும் போனது.

வாலில் ஒட்டும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் ஏறக்குறைய மூன்று கிராம் வட்டி கட்ட வேண்டும். அடுத்த விமானத்தில் வாலுக்கு 5 மி.மீ. சன்போர்டு வேண்டாம், 3 மி.மீ. போதும்.

இன்னொன்று: சோதிக்கும்போது பேட்டரி, புரொப்பெல்லர், மூடி எல்லாம் பறக்கும்போது இருக்கும் இடத்தில் இருக்கட்டும். இறக்கைக்கு அடியில், உடலுக்கு இரு பக்கமும், அளவு நாடா வைத்து பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் விரல் நுனியை வைத்துத் தூக்குங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். மூக்கு ஒரு நூல் இறங்கினாற்போல் நின்றால் திருப்தி. இறக்கை உடலுக்குக் கீழே இருக்கும் மாடல் என்றால் மல்லாக்கப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராகப் பிடித்தால் உருண்டுகொண்டே இருக்கும்.

என் எட்டு வயது மகனுக்கு தெர்மாகோல் கிளைடர் வாங்கிக் கொடுத்தேன். வீசினால் அலை அலையாக ஏறி இறங்கிப் போகிறது. மோட்டார் எதுவும் கிடையாது. இதற்கும் சி.ஜி. உண்டா?
- இல்லத்தரசி, காலடிப்பேட்டை

உண்டு. மூக்கில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை செல்லோடேப்பால் ஒட்டிப் பாருங்கள். 2011இல் வெளிவந்த வரிசையின் சின்ன ஒரு ரூபாய் 3.79 கிராம், அதே வரிசை இரண்டு ரூபாய் 4.85, பத்து ரூபாய் 7.71. தராசு இல்லாத வீட்டில் இதைவிட நல்ல படிக்கல் கிடையாது. ஏறி இறங்குவது நின்று ஒரே சீராகச் சறுக்கினால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். நேராகத் தரையைக் குத்தினால் எடை கூடிவிட்டது. பையனையே ஒட்டவும் பிய்க்கவும் விடுங்கள் அம்மா, நீங்கள் செய்து கொடுக்காதீர்கள்.

என் இறக்கை நுனிக்குப் போகப் போகக் குறுகி, பின்னால் சாய்ந்திருக்கிறது. அடியில் 24 செ.மீ., நுனியில் 16. 25 சதவீதம் என்கிறீர்களே, எந்த அகலத்தில் 25?
- பாலிடெக்னிக் மாணவி, வியாசர்பாடி

நல்ல கேள்வி; இதைக் கேட்காமல் அடி அகலத்திலேயே அளந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். தேவை சராசரி அகலம், அதுவும் அது எந்த இடத்தில் விழுகிறது என்பதும்.

சூத்திரம் இருக்கிறது, ஆனால் வரைவதுதான் எனக்குப் பிடிக்கும். கூடத்துத் தரையில் பழைய நாளிதழ்களை ஒட்டி, பாதி இறக்கையை முழு அளவில் வரையுங்கள். அடிக் கோட்டைப் பின்பக்கமாக 16 செ.மீ. நீட்டுங்கள். நுனிக் கோட்டை முன்பக்கமாக 24 செ.மீ. நீட்டுங்கள். நீட்டிய இரண்டு முனைகளையும் ஒரு நூல் பிடித்து இணையுங்கள். அப்புறம் அடி அகலத்தின் நடுவையும் நுனி அகலத்தின் நடுவையும் இன்னொரு நூலால் இணையுங்கள். நூல்கள் வெட்டும் இடத்தில் இறக்கை எவ்வளவு அகலமோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

நீங்கள் பாதி இறக்கை 60 செ.மீ. என்றும், நுனியின் முன் விளிம்பு 6 செ.மீ. பின்தள்ளி இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நூல்கள் அடியிலிருந்து 28 செ.மீ.யில் வெட்டும், அங்கே அகலம் 20.3 செ.மீ. அந்த இடத்தில் முன் விளிம்பு ஏற்கெனவே 2.8 செ.மீ. பின்னால் போயிருக்கும். 20.3இல் 25 சதவீதம் 5.1. கூட்டினால், அடியின் முன் விளிம்பிலிருந்து 7.9 செ.மீ. அடி அகலத்திலேயே கால் பங்கு எடுத்திருந்தால் 6 என்று வந்திருக்கும். கிட்டத்தட்ட 2 செ.மீ. வித்தியாசம். உங்கள் விஷயத்தில் அது மூக்கு கனமாக முடியும், பிழைத்துக்கொள்வீர்கள். முன்னால் சாய்ந்த இறக்கை என்றால் இதே தவறு தலைகீழாக விழும்.

வாலே இல்லாத பறக்கும் இறக்கை கட்டும் உத்தேசம் இருந்தால் 15 முதல் 20 சதவீதத்துக்குள் வையுங்கள். அங்கே சில மில்லிமீட்டர் கூடத் தாராளம் கிடையாது. காப்பாற்ற வால் இல்லை.

டீச்சர், சின்ன வயதிலிருந்து காத்தாடி விடுகிறவன் நான். காத்தாடி நெஞ்சில் கட்டும் நூலான சூத்திரம் சரியாகப் போட்டால் காத்தாடி நிற்கும், இல்லாவிட்டால் கரணம் அடிக்கும். சி.ஜி. என்பதும் இந்தச் சூத்திரமும் ஒன்றுதானே?
- மெக்கானிக், காசிமேடு

ஒன்றில்லை அண்ணே, ஆனால் பங்காளிகள். சூத்திரத்தில் நீங்கள் முடிவு செய்வது இரண்டு: காத்தாடி எந்தச் சாய்வில் காற்றைச் சந்திக்கிறது, நூல் எந்தப் புள்ளியில் பிடித்து இழுக்கிறது. முடிச்சு ஒரு விரல்கடை நகர்ந்தால் ஆட்டமே மாறிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் நூல் கிடையாது. நூல் செய்யும் வேலையை அங்கே எடை செய்கிறது. முடிச்சின் இடத்தில் சி.ஜி. இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஜார்ஜ் கேலி என்பவர் 1804இல் ஒரு கிளைடர் செய்தார். முன்னால் இறக்கை, பின்னால் வால் என்று இன்றைய விமானத்தின் உருவத்தில் செய்த முதல் மாடல்களில் அது ஒன்று. இறக்கைக்கு அவர் எடுத்துக்கொண்டது சாதாரணக் காகிதக் காத்தாடி! அதை ஒரு கம்பில் கட்டி, கம்பின் பின்முனையில் திருப்பக்கூடிய வால் வைத்து, மூக்குப் பக்கம் ஒரு எடையையும் வைத்தார். அந்த எடை சி.ஜி.யைச் சரிபார்க்கத்தான். ஆக இந்த வேலைக்கு வயது இருநூறைத் தாண்டுகிறது, தொடங்கியதும் காத்தாடியில்.

மாஞ்சா பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: தடை இருக்கிறது, கழுத்தறுபட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள், தொடாதீர்கள்.

விரலில் சரியாக நிற்கிறது, பறக்கவும் பறக்கிறது. இதற்கு மேல் நுணுக்கமாகச் சரிபார்க்க வழி உண்டா? கை தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே வால் கனமாக வைப்பார்களாமே?
- வங்கி ஊழியர், பெரம்பூர்

விரலில் பார்ப்பது பிள்ளையார் சுழி. மீதியை விமானம்தான் சொல்ல வேண்டும். காலையிலேயே போங்கள், முற்பகல் தாண்டிக் கடல் காற்று உள்ளே வந்துவிட்டால் எது காற்றின் வேலை, எது சி.ஜி.யின் வேலை என்று பிரிக்க முடியாது. நல்ல உயரத்தில் நேராகப் பறக்கும்படி டிரிம் செய்யுங்கள். மோட்டாரைக் குறைத்து, மூக்கைக் கீழ்நோக்கி 45 டிகிரிக்குள் சாய்த்து, ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். சட்டென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் மூக்கு கனம். ஏனென்றால் அந்தக் கனத்தைத் தாங்க நீங்கள் மேல் டிரிம் வைத்திருக்கிறீர்கள், வேகம் கூடியதும் அந்த டிரிம்முக்குப் பலம் கூடிவிடுகிறது. மெதுவாக, பெரிய வளைவாக எழுந்தால் நல்ல இடம். போட்ட கோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் சி.ஜி. பின்னால் போகக்கூடிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். இன்னும் செங்குத்தாக உள்ளே மடங்கினால் உடனே மீட்டெடுத்து இறக்குங்கள், பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சி.ஜி.யைச் சில மி.மீ. நகர்த்தினால் போதும். 850 கிராம் விமானத்தில் 180 கிராம் பேட்டரியை 2 செ.மீ. நகர்த்தினால் சி.ஜி. நகர்வது நாலு மி.மீ. சொச்சம்தான்.

வித்தை காட்டும் விமானக்காரர்கள் சி.ஜி.யைப் பின்னால் தள்ளுவது உண்மைதான். அவர்கள் அந்த எல்லையை நெருங்குவார்கள், தாண்ட மாட்டார்கள். தாண்டிப் பறந்தவர்கள் ரைட் சகோதரர்கள். 1903இல் பறந்த அவர்கள் விமானம் சி.ஜி. பின்னால் இருந்ததால் அலைபாய்ந்துகொண்டே போயிற்று. 1904இல் அடுத்த விமானத்தின் முன்பக்கம் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ இரும்பைக் கட்டிய பிறகுதான் அது கொஞ்சம் சொன்னபடி கேட்டது. அவர்களே கட்டினார்கள், நமக்கென்ன கௌரவம்?

இடம் வலம் பார்க்கவும் மறக்காதீர்கள். மோட்டார் தண்டையும் வால் நுனியையும் நூலில் தொங்கவிட்டு, எந்த இறக்கை தாழ்கிறதோ அதற்கு எதிர் நுனியில் ஒரு சின்ன ஆணி. அவ்வளவுதான்.

என் பெட்ரோல் எஞ்சின் மாடல் 3 கிலோ. விரலில் தூக்கினால் விரல்தான் முறியும். வேறு வழி?
- ஓய்வுபெற்ற ஃபிட்டர், திருவொற்றியூர்

ஐயா, சமையலறைத் தராசு போதும். முன் சக்கரங்களையும் வால் சக்கரத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள். நிறுக்கும்போது வாலைப் புத்தகம் அடுக்கி உயர்த்தி, விமானம் பறக்கும் நிலையில் கிடைமட்டமாக நிற்க வேண்டும். புத்தகத்தின் எடையைக் கழித்துவிடுங்கள். முன் சக்கரங்களில் 2600 கிராம், வாலில் 400, இரண்டு அச்சுக்கும் நடுவே 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால்: 400ஐ 75ஆல் பெருக்கி, மொத்த எடை 3000ஆல் வகுங்கள். 10 செ.மீ. வரும்; முன் அச்சிலிருந்து அவ்வளவு பின்னால் உங்கள் சி.ஜி. பிறகு அதை முன் விளிம்பிலிருந்து அளந்துகொள்ள வேண்டியதுதான்.

டேங்க் காலியாக இருக்கும்போது நிறுங்கள். டேங்க் சி.ஜி.க்கு முன்னால் இருப்பதுதான் வழக்கம். பெட்ரோல் தீரத் தீர வால் கனக்கும். இறங்கும் நேரத்தில்தான் அது வேலையைக் காட்டும். எரிபொருளை வைத்தே சி.ஜி.யை ஆண்டது கான்கார்டு என்ற பயணிகள் விமானம். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது தூக்கும் விசையின் மையம் பின்னால் போகும் என்பதால் எரிபொருளைப் பின் டேங்குக்குப் பம்ப் செய்தார்கள், வேகம் குறையும்போது முன்னால் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் செய்தும் மூக்கில் 15 கிராம் தேவைப்படுகிறது. ஈயம் எங்கே வாங்குவது?
- ஆட்டோ ஓட்டுநர், தண்டையார்பேட்டை

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு கேட்கலாமா! காசிமேடு துறைமுகப் பக்கம் வலைச் சாமான் விற்கும் கடைகளில் ஈயக்குண்டு எடைக்குக் கிடைக்கும். வலையின் அடிக்கயிற்றில் கோர்ப்பதற்கென்று நடுவில் துளையோடு வரும். எங்கள் வீட்டில் அப்பா வலை முடையும்போது திண்ணையெல்லாம் உருண்டு கிடக்கும். அந்தத் துளைதான் நமக்கு வசதி: மூங்கில் குச்சியில் கோர்த்து, மோட்டார் மவுண்டுக்குப் பின்னால் குறுக்கே செருகி, இரு பக்கமும் ஒட்டிவிடலாம். வெறும் டேப்பில் ஒட்டாதீர்கள். விமானம் மோதும்போது அவிழ்ந்து பறந்தால் யார் நெற்றியையாவது பதம் பார்க்கும். ஈயம் நச்சு. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வீட்டு அடுப்பில் உருக்கவே உருக்காதீர்கள்.

அப்புறம், எங்கே பறக்கவிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கம் துறைமுகங்களும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் வடசென்னை அனல்மின் நிலையமும் சூழ்ந்த இடம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பா (தடை), மஞ்சளா (அனுமதி வேண்டும்), பச்சையா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மிஸ், வாலில் எங்கள் ஃபுட்பால் டீம் ஸ்டிக்கரைப் பெரிதாக ஒட்டலாமா? 4 கிராம்தான்.
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், பழைய வண்ணாரப்பேட்டை

ஒட்டுடா கண்ணா. முதல் கடிதத்து அண்ணன் விமானம் மாதிரி வால் 55 செ.மீ.யும் மூக்கு 20 செ.மீ.யும் என்றால், மூக்கில் 11 கிராம் வைக்க வேண்டிவரும், அவ்வளவுதான். இறக்கையில் சி.ஜி. கோட்டுக்கு மேலேயே ஒட்டினால் எதுவும் வைக்க வேண்டாம். கீழே நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் இறக்கைக்கு அடியில் ஒட்டு.